அடி எப்படிப் பட்டது?

பாகாலா அக்காவோடு மாம்பழம் வாங்கப் போவதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தெரிந்து கிடையாது. எல்லோரும் நல்ல பழமாகப் பார்த்துப் பொறுக்குவார்கள். அவர் அடிபட்ட பழம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வியாபாரியின் முகத்தைப் பார்ப்பார்.

"இதுக்கு அடி எப்டி பட்டுச்சி?"

"எனுக்கு இன்னாம்மா தெரியும்? லோடுல வந்துது."

"லோடுல எப்டி? கீழ போட்டாங்களா, மேல வேற மூட்டை வுழுந்துச்சா, இல்ல மரத்துலயே பட்டுதா?"

சித்தூர் வியாபாரிகளுக்கு இந்த மாதிரி விசாரணைக்கெல்லாம் பொறுமை கிடையாது. ஒருவர் பழத்தை அக்காவின் கையிலிருந்து வாங்கித் திரும்பக் குவியலில் வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். இன்னொருவர் மட்டும் கொஞ்சம் யோசித்து, "பறிக்கசொல்ல வலைக்கு வெளிய வுழுந்துடுச்சிம்மா. மண்ணுலதான் வுழுந்துச்சி, கல்லுல இல்ல" என்றார். அக்கா அந்தக் குவியலில் இருந்த அடிபட்ட பழங்களை எல்லாம் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அறுத்தால் ஓர் ஓரம் கறுத்திருந்தது, மீதியெல்லாம் நன்றாகவே இருந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல பழத்தையே வாங்கியிருந்தால் ஓரமும் கிடைத்திருக்கும் என்றேன். "நல்ல பழத்துக்குள்ள இன்னா இருக்குதுன்னு யாரு சொல்லுவாங்க? இது வாயத் தொறந்து சொல்லிடுச்சி" என்றார்.

அவர் பேரை இங்கே எழுதப்போவதில்லை. பாகாலாவில் வாழ்ந்துவிட்டு எங்கள் தெருவுக்கு வந்தவர் என்பதால் எல்லோருக்கும் பாகாலா அக்கா. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடு. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருந்தார். அண்டா, குண்டான், ஜல்லிக்கரண்டி என்று முன்னறை முழுவதும் அடுக்கியிருக்கும். ஒரு விசேஷம் முடிந்து திரும்பி வரும் பாத்திரத்தில் எங்காவது ஒரு நசுங்கல் இருக்காமல் இருக்காது. கொண்டுவந்தவரை நிற்கவைத்து அதே கேள்வியைக் கேட்பார். "மச்சான் குடிச்சிட்டு அண்டாவை உதைச்சிட்டான்கா" என்று உள்ளதைச் சொன்னவரை டீ கொடுத்து அனுப்புவார். நசுங்கலுக்கு ஒன்றும் கேட்கமாட்டார். "எடுத்துக்கினு போகசொல்லயே இப்படித்தான் இருந்துச்சி" என்று சொன்ன ஆளுக்கு அதற்கப்புறம் அந்தக் கடையில் ஒரு கரண்டிகூடக் கிடைக்காது.

நான் கல்யாணமாகி நகரியிலிருந்து வந்த முதல் வாரமே என் தாடைத் தழும்பு அவர் கண்ணில் பட்டுவிட்டது. சின்ன வயதில் விழுந்தேன் என்றேன். எங்கே என்றார். வீட்டில் என்றேன். வீட்டில் எங்கே என்றார். கடைசியில், எங்கள் வீட்டுத் தறிக்கூடத்தில், அம்மா விருந்தாளிகளுக்காக எடுத்து வைத்திருந்த பொரிவிளங்காய் உருண்டையைத் திருடிக்கொண்டு ஓடும்போது தறிக்காலில் முட்டிக்கொண்டேன் என்பது வரைக்கும் சொல்லவேண்டியதாகிவிட்டது. உருண்டை விஷயம் என் அம்மாவுக்கே தெரியாது. அக்கா "உம்" என்று கேட்டுக்கொண்டார். அதோடு சரி. யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. கேட்பதில் எவ்வளவு பிடிவாதமோ, கேட்டதை வைத்துக்கொள்வதில் அவ்வளவு கெட்டி.

என் வீட்டுக்காரருக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். கிரிக்கெட் பந்து பட்டது என்று பெண் பார்க்க வந்தபோதே சொல்லியிருந்தார். நானும் மாநில அளவில் ஆடியவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அக்கா கேட்டபோது, திருவிழாவில் சாமி பல்லக்கைத் தூக்கி ஆடும்போது கால் இடறி, அதன் கொம்பிலேயே வாயை இடித்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். அதுவும் அவராகவே இன்னொரு நாள் என்னிடம் உளறித்தான் எனக்குத் தெரியும்.

இத்தனை கேட்டும் அக்கா ஏமாந்ததில்லை என்று நினைத்துவிட வேண்டாம். மேலே நசுங்கிய பிரிட்ஜ் ஒன்றை மலிவாக வாங்கி வந்தார். விற்றவன் அதை மாடியிலிருந்து கயிறு கட்டி இறக்கிய கதையை அவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறான். சித்திரை வெயிலில் அது நின்றுபோனது. "கத நல்லாதான் இருந்துச்சி. பிரிட்ஜ்தான் நல்லா இல்ல" என்று சிரித்துவிட்டு, அதில் அரிசி கொட்டி வைத்துக்கொண்டார்.

இதனால்தான் எனக்குக் கதைகளில் நம்பிக்கை இல்லை. நான் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறவள். ஒருவர் தனக்குச் சர்க்கரையே இல்லை என்று கண்ணில் தண்ணீர் வரச் சொல்வார். ரிப்போர்ட் வேறு சொல்லும். எனக்கு எப்போதும் ரிப்போர்ட்தான்.

அந்த லேபின் சித்தூர்க் கிளையை மூடினார்கள். வேண்டுமானால் திருப்பதிக்கு வா என்றார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் விடிந்ததும் வந்து நிற்பார்கள். அதற்கு முன்னால் நான் அங்கே இருக்கவேண்டும். பஸ்ஸை நம்பினால் நடக்காது. திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வரலாம். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. நான் தலை பின்னிவிட்டால்தான் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். அதுவும் முடியாதென்றால் வேலையை விடவேண்டும். எனக்கு அந்த வேலை பிடிக்கும். மகளையும் பிடிக்கும். ஒன்றை எடுத்து ஒன்றை விடு என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வந்தது.

மீதி இருந்த ஒரே வழி கார். ஓட்டக் கற்றிருந்தேன். தினமும் போய்வரப் பெட்ரோல் கட்டாது. எலக்ட்ரிக் கார் என்றால் வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு போய்த் திரும்பிவிடலாம். புதியது எங்கள் கைக்கு எட்டாது. பழையதில் தேடித் தேடி, திருப்பதியில் அலிபிரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஒன்று கிடைத்தது. நீல நிறம். அதிகம் ஓடாத வண்டி. ஆனால் இடது பக்கப் பின்கதவும் அதை ஒட்டிய தகடும் உள்ளே போயிருந்தன. யாரோ முழங்கையால் ஓங்கிக் குத்தியது மாதிரி இருந்தது. கதவை வெளியிலிருந்து திறக்க வராது. உள்ளே இருந்து தோளால் தள்ளவேண்டும். அதனால்தான் அந்த விலைக்கு வந்தது.

நான் என் வழக்கப்படி ரிப்போர்ட் கேட்டேன். சர்வீஸ் சென்டரில் வண்டியைத் தூக்கி அடியில் பார்க்கச் சொன்னேன். பேட்டரிப் பெட்டியில் கீறல்கூட இல்லை என்றார்கள். பேட்டரியின் பலமும் நன்றாக இருப்பதாக அச்சடித்துக் கொடுத்தார்கள். எனக்கு அதோடு திருப்தி வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஏனென்றால் விற்கிறவர் போனில் பேசியபோது, தெருவில் நிறுத்தியிருந்த வண்டியை லாரி உரசிவிட்டது என்றார். நேரில் போனபோது சிக்னலில் ஆட்டோ இடித்தது என்றார். லாரி எப்படி ஆட்டோ ஆனது என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்தார்.

என் வீட்டுக்காரருக்கு வேறு பயம். "ரத்தம் பாத்த வண்டியா இருந்தா இன்னா பண்றது?"

"நான் தினமும்தான் ரத்தம் பாக்கிறேன். எனுக்கு இன்னா ஆயிடுச்சி?"

அவர் சிரிக்கவில்லை. அந்த வண்டியில் யாராவது செத்திருந்தால் அதில் நானும் குழந்தையும் ஏறக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். எங்கள் பக்கத்தில் யார் சொல்வதையும் நம்ப முடியாமல் போனால் காணிப்பாக்கம்தான். கோயில் குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று சத்தியம் பண்ணவேண்டும். அங்கே பொய்ச் சத்தியம் பண்ணத் துணிகிறவர் இந்த ஜில்லாவில் இல்லை. பங்காளிச் சண்டை முதல் காணாமல்போன மாடு வரை அங்கேதான் தீரும். இந்த வண்டியில் உயிர் போகவில்லை என்று அவர் வந்து சத்தியம் பண்ணட்டும், அங்கேயே வாங்கிக்கொள்வோம் என்று வீட்டுக்காரர் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் யாரிடமோ கிசுகிசுப்பது கேட்டது. பிறகு, "சரே சார், வெள்ளிக்கிழமை வர்றேன்" என்று வந்தது.

இதை அக்காவிடம் சொல்லப் போனேன். அவர் முன்னறையில் உட்கார்ந்து, ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டிய தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். காணிப்பாக்கம் என்றதும் துணியைக் கீழே வைத்தார்.

அவர் இடது கையில் முழங்கைக்குக் கீழே பெரிய தீப்புண் தழும்பு உண்டு. தெருவில் எல்லோரையும் கேட்கிறவரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. புருஷன் பலமனேரில் தனியாக இருக்கிறார், இவருக்குக் கையில் தழும்பு இருக்கிறது, இரண்டையும் சேர்த்து நாங்களே ஒரு கதை கட்டி வைத்திருந்தோம். அதனால் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தோம்.

"இது நானே கொட்டிக்கினது" என்றார், நான் கேட்காமலே. "பாகாலால ஊட்ல யாருமில்ல. சாம்பார் குண்டான எறக்கசொல்ல கைப்புடி துணி நழுவிடுச்சி. அவரு அப்ப டவுனுக்குப் போயிருந்தாரு. எங்க அண்ணனுங்க வந்து பாத்துட்டு, அவர்தான் ஊத்திட்டாருன்னு முடிவு பண்ணிட்டாங்க. காணிப்பாக்கம் இட்டுக்கினு போனாங்க."

"நீங்க சொல்லலியாக்கா, நானேதான் கொட்டிக்கினேன்னு?"

"என்னை யாரு கேட்டாங்க? பொம்பள புருஷனக் காட்டிக் குடுக்கமாட்டான்னு அவங்களே சொல்லிக்கினாங்க. கட்டு போட்ட கையோட ஓரமா நின்னுக்கினு இருந்தேன். அவரு ஈரத் துணியோட நடுங்கிக்கினு சத்தியம் பண்ணாரு. உண்மையைத்தான் பண்ணாரு. எல்லாரும் சரின்னுட்டு ஊட்டுக்குப் போயிட்டாங்க."

"அப்புறம் இன்னா, நல்லதுதானே?"

"இன்னா நல்லது? ஊத்தலன்னுதான் அவரு சத்தியம் பண்ணாரு. எப்டி ஆச்சின்னு அவரும் கேக்கல. நான் வாயத் தொறக்காம நின்னத அவரு பாத்தாரு. அதுக்கப்புறம் எங்கிட்ட அவரு இன்னா கேப்பாரு, நான் இன்னா சொல்லுவேன்? அந்த வருசமே வேல கெடச்சிதுன்னு பலமனேர் போயிட்டாரு."

எங்கள் தெருவில் இத்தனை வருஷம் அந்த மனுஷனைப் பற்றி நாங்கள் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்து சங்கடமாக இருந்தது.

அக்கா மறுபடி துணியை எடுத்துக்கொண்டார். "அந்த ஆள அங்க நிக்க வெக்காதீங்க கண்ணு. ஏதோ சொல்ல முடியாம இருக்கான். ஊட்டுக்குப் போய்க் கேளுங்க. நானும் வரேன்."

வெள்ளிக்கிழமை காலையில் மூன்று பேரும் திருப்பதிக்குப் போனோம். காணிப்பாக்கத்துக்குப் புறப்பட இருந்தவர், எங்களை வாசலில் பார்த்ததும் குழம்பினார். தோளில் மாற்றுத் துணிப் பை. குளிப்பதற்குத் தயாராகவே இருந்தார், பாவம். அவர் தெலுங்குக்காரர். மனைவி சத்தியவேட்டுப் பக்கத்துப் பெண், தமிழ். எனக்குத் தண்ணீர் கொடுக்க வந்தவள், காரைப் பற்றிப் பேச்சு வந்ததும் உள்ளே போகத் திரும்பினாள்.

அக்கா அவரை விட்டுவிட்டு அவளைக் கேட்டார். "யம்மா, வண்டிக்கு அடி எப்டி பட்டுச்சி?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் லாரி, ஆட்டோ என்று சொன்னதெல்லாம் யாருக்காக என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான்தாங்க்கா" என்றாள். "கத்துக்கினு இருந்தேன். கேட்டுக்குள்ள திருப்பசொல்ல நின்னுடுச்சின்னு நெனச்சேன். இதுலதான் சத்தமே வராதே. ஆஃப் ஆயிடுச்சாக்கும்னு கால வெச்சி அழுத்துனேன். பாஞ்சிடுச்சி. கதவு போய் அந்தத் தூணுல மோதி..." கேட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "பயத்துல கீழ எறங்கி, தூணப் பாத்து சாரின்னு சொல்லிட்டேன்கா."

அக்காதான் முதலில் சிரித்தார். பிறகு அவளும் சிரித்தாள். சிரிப்பதற்கு அவளுக்கு அன்றுவரை யாரும் இடம் கொடுக்கவில்லை போலிருக்கிறது, நிறுத்த முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தெருவில் மனைவியைக் கேலி பண்ணுவார்கள் என்று அவர்தான் லாரி மேல் பழியைப் போட்டிருக்கிறார். அவள் அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வண்டி வாசலில் நிற்பதைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்பதால் விற்கிறார்கள். காணிப்பாக்கத்துக்கு வரச் சொன்னதும், உயிர் போகவில்லை என்பதோடு விட்டுவிடுவார்களா, லாரிதான் என்றும் சத்தியம் கேட்பார்களா என்று ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்று தெலுங்கில் என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

எல்லோரும் கேட்டுக்குப் போனோம். தூணில் பூச்சு பெயர்ந்த இடத்தில் நீலம் அப்படியே ஒட்டியிருந்தது. கதவு நசுங்கிய உயரமும் அதுவும் சரியாக இருந்தது. என் வீட்டுக்காரர் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பல்லக்குல இடிச்ச மாதிரிதான்" என்று முணுமுணுத்தார். அப்புறம் நிமிர்ந்து, "காணிப்பாக்கம் வாணாம் சார்" என்றார். அந்த மனிதர் துணிப்பையைத் தோளிலிருந்து இறக்கினார்.

ரிப்போர்ட் என் பையில்தான் இருந்தது. அதில் இருந்தது எல்லாம் சரி. ஆனாலும் அந்த வண்டியை நான் வாங்கியது தூணிலிருந்த நீலத்தைப் பார்த்துத்தான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. புறப்படும்போது அந்தப் பெண் வந்து, "பிரேக் மேலயே கால வெச்சிக்குங்க்கா, சத்தம் வராதுன்னு ஏமாந்துடாதீங்க" என்று சொல்லிக்கொடுத்தாள். "நீயும் வுட்றாத. ஒரு தூணுதானே" என்றார் அக்கா. திரும்பும் வழியில் காணிப்பாக்கத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்து வண்டிக்குப் பூஜை போட்டோம். அக்கா இறங்கவில்லை. நசுங்கின கதவுப் பக்கம் உட்கார்ந்தபடியே கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப்பின் தினமும் மகளுக்குத் தலை பின்னிவிட்டுத்தான் திருப்பதிக்குப் போகிறேன். தூக்கத்திலேயே தலையைக் காட்டுவாள். சாயங்காலம் அவள் ஹோம்வர்க் எழுதுவதற்கு முன்னால் வந்துவிடுகிறேன். கதவைச் சரி பண்ண ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார்.

"உன் வண்டி பலமனேர் வரிக்கும் போவுமா?"

தக்காளிக்கோ பசு நெய்க்கோ என்று நினைத்தேன். நல்ல புடவை கட்டியிருந்ததைப் பார்த்த பிறகுதான் அது அவர் வீட்டுக்காரர் இருக்கிற ஊர் என்பது உறைத்தது. மலை ஏற்றத்தில் சார்ஜ் மளமளவென்று இறங்கியது. வழியில் நின்றுபோனால் என்ன செய்வதென்று புலம்பிக்கொண்டே ஓட்டினேன். அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு, நசுங்கின கதவு ஓரத்திலேயே உட்கார்ந்து வந்தார்.

அவர் வேலை பார்க்கிற, பால் குளிரூட்டுகிற இடத்துக்குப் பின்னால் ஓர் அறை. மெலிந்த மனிதர் வாசலுக்கு வந்தார். அக்கா உள்ளேயிருந்து கதவைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கியதைப் பார்த்தார். நேராக வண்டியிடம் வந்தார். நசுங்கின இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"இதுக்கு அடி எப்டி பட்டுச்சி?"

அக்கா சொன்னார். கேட், தூண், சத்தம் வராத வண்டி, சாரி கேட்ட பெண், ஒன்றையும் விடவில்லை. தூணிடம் சாரி கேட்ட இடத்தில் அவர் சிரித்துவிட்டார். அக்கா அவர் சிரிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரித்து முடித்த பிறகும் அவர் கை கதவை விட்டு இறங்கவில்லை. கண் மட்டும் அக்காவின் இடது கைக்குப் போயிற்று. நான் சார்ஜ் எவ்வளவு இருக்கிறதென்று பார்ப்பதுபோல வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

"இது?" என்றார். "அன்னிக்கு எப்டி ஆச்சி?"

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அவரும் போனார். யாரோ எனக்கு ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தேன். பால் வண்டிகள் வந்து கேன்களை இறக்கிவிட்டுப் போயின. உள்ளேயிருந்து அக்காவின் குரல் மட்டும் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை, நடுவில் அந்த மனிதர் "உம்" என்பது மட்டும் தெரிந்தது.

வெயில் சாய ஆரம்பித்ததும் அக்கா வாசலுக்கு வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. முகம் நன்றாக இருந்தது.

"நீ கெளம்பு கண்ணு" என்றார். "இன்னும் பாதிகூட சொல்லி முடிக்கல."

தனியாக இறங்கினேன். இறக்கத்தில் சார்ஜ் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அப்படி ஏறும் என்று சொன்னதை நான் அதுவரை நம்பவில்லை. அடுத்த மாதம் ஒரு மினி லாரி வந்து அண்டா குண்டானெல்லாம் ஏற்றிக்கொண்டு பலமனேர் போயிற்று. கதவை நான் இன்னும் சரி பண்ணவில்லை.